நான்கு விரல் தடம்

என் தம்பி எமில் ஹுடாக் வென்றவை இவை. 1969 பிப்ரவரியில், பனித்தரையில் கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்தில் கோப்பை. அணியில் அவன் உபரி ஆள். ஒருவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததால் ஆடப் போனான். 1972 அக்டோபரில் நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டும் வேலை. பத்தொன்பது பேர் கேட்ட அந்த வேலைக்கு ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் இவன் ஒருவன்தான். 1978 ஜனவரியில் சுரங்கச் சாலையில் பனிப்புயலுக்குள் பதினாறு மணி நேரம் சிக்கி உயிரோடு வந்தான். போனது இடது கால் சுண்டுவிரல் மட்டும். 1981-லும் 1984-லும் தேவாலயக் குலுக்கலில் வான்கோழி. 1995 மே மாதம் ஒரு திரைப்பட விழாவில் சிறந்த துணை நடிகர் என்ற பித்தளைத் தகடு. அந்தப் பரிசுக்கு நின்ற மற்ற மூவரும் நடிப்பையே தொழிலாகக் கொண்டவர்கள்.

தகடு அவன் வீட்டுக் குளிர்பெட்டியின் மேல் இருக்கிறது. அது எப்படி வந்தது என்று கேட்டால் எமில் சொல்லும் கதை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், ஆனால் என்ன நடந்தது என்று தெரியாமலே போகிறார்கள். ஆகவே அவன் அக்கா நான் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எமிலுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முட்டாள் அல்ல. தாளில் உள்ள எழுத்துகள் அவன் கண்ணுக்கு ஓரிடத்தில் நிற்பதில்லை. சிறு வயதில் ஆசிரியை அவனை மூலையில் நிறுத்திப் பார்த்தார், கையில் அடித்துப் பார்த்தார். எழுத்துகள் அப்போதும் நிற்கவில்லை. பெரியவனான பிறகு அரசாங்கத் தாள்கள் வந்தால் நான் நிரப்புவேன். கையெழுத்துக்கான கோட்டில் அவன் ஒரு அலையை இழுத்துவிடுவான். வேலை மிகுந்த மனிதர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். ஊரில் இது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது என்று அவன் நம்பினான். தெரிந்துவிடக் கூடாது என்பதில் அவன் காட்டிய கவனத்தைப் போல வேறெதிலும் காட்டி நான் பார்த்ததில்லை.

தேதி படிக்க வராதவனுக்குக் காலம் எப்படி நினைவிருக்கும்? எமில் பனியைக் கொண்டு நினைவில் வைத்துக்கொள்வான். எது நடந்தபோது தரையில் பனி இருந்தது, எது நடந்தபோது இல்லை, அவ்வளவுதான் கணக்கு.

1994 ஜனவரி 10, திங்கட்கிழமை, டொரோண்டோவிலிருந்து ஒரு படக்குழு எங்கள் ஹாலரன் ஊருக்கு வந்து இறங்கியது. இயக்குநர் மிரியம் டாஸ் என்ற பெண்மணி, முப்பத்தைந்து வயதிருக்கும். மலைக் கணவாயில் ஒரு வங்கியை மூன்று பேர் கொள்ளையடித்து, காரில் தப்பி, ஒருவரையொருவர் ஏமாற்றி, அன்று மாலையே பிடிபடும் கதை. எல்லாம் ஒரே நாளில் நடக்கிறது. எமிலுக்கு அங்கே வேலை, சாலையில் பனியை ஒதுக்குவதும் காரை எடுத்து நிறுத்துவதும்.

காரோட்டியாக நடிக்க வேண்டியவர் வந்த விமானம், காற்று அடித்ததால் இறங்க முடியாமல் திரும்பிவிட்டது. 12-ஆம் தேதி காலை குழு முழுவதும் குளிரில் காத்து நின்றது. அன்று மைனஸ் இருபத்தொன்று. மிரியம் காருக்குள் உட்கார்ந்திருந்த எமிலைப் பார்த்தாராம்.

"இப்படியே உக்காந்திருப்பீங்களா?"

"எஞ்சினை அணைச்சா மறுபடி கிளம்பாது மேடம். அதான் உக்காந்திருக்கேன்."

"அந்த நடிகரோட கோட்டைப் போட்டுக்கங்க. பேச வேண்டாம். ஓட்டுங்க, போதும்."

கோட்டுக் கை இரண்டு அங்குலம் குட்டை. எமில் ஓட்டினான். அந்த நடிகர் இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தபோது கொள்ளையும் துரத்தலும் எமிலின் முகத்தோடு படமாகிவிட்டிருந்தன. அவருக்கு வேறொரு வேடம் கொடுத்தார்கள். "உங்களுக்கான தாள் பிறகு வரும்" என்று எமிலிடம் சொன்னார்கள். தாள் என்ற சொல்லைக் கேட்டதும் அவன் வேறெங்கோ வேலை இருப்பதுபோல் போய்விட்டான்.

21-ஆம் தேதி வெள்ளிக்கிழமை சினூக் என்னும் வெப்பக் காற்று வந்தது. மேற்கே மலைக்கு மேல் வானம் வில்லாக வளைந்து தெரிந்தால் எங்களுக்குப் புரிந்துவிடும். பிறகு காற்று சூடாக இறங்கும். காலை ஆறு மணிக்கு மைனஸ் பத்தொன்பது. பகல் ஒரு மணிக்கு ப்ளஸ் ஒன்பது. கூரைகள் ஒழுகின, தெருவில் தண்ணீர் ஓடியது. இரண்டு மணிக்கு ஊரில் எங்கும் சேறு. இங்கே இது ஆண்டுதோறும் நடப்பது. டொரோண்டோக்காரர்கள் வாசலில் நின்று யாரோ இறந்துவிட்டதுபோல் பார்த்தார்கள். எடுத்த பாதியில் முழங்கால் பனி, எடுக்க வேண்டிய பாதியில் சேறு, ஆனால் கதையோ ஒரே நாள். பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். வண்டி வைத்து மலையிலிருந்து பனி கொண்டுவர மூன்று வாரமாகும். மூன்று வாரம் கிடையாது. படத்துக்குக் காப்பீடு செய்தவரின் ஆள், திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் நிறுத்தப் போவதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்.

அன்று மாலை எல்லோரும் வாலி சிகோராவின் ஓட்டல் மதுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் வேலை பார்க்கும் தபால் நிலையம் மூடியதும் நானும் அங்கே போனேன். எமிலின் பூட்ஸ் ஊறிப்போனதால் அவற்றை வெப்பக் குழாய் மேல் காயப் போட்டுவிட்டு வெறுங்காலோடு இருந்தான். வாலி அவனுக்கு எதிரில் நின்று கோப்பை துடைத்தான். எமிலை அவன் கேலியாக மேயர் என்றுதான் கூப்பிடுவான்.

"என்ன மேயரே, நடிகர் ஆனதும் செருப்பு கூட வேண்டாமா?"

"உன் தரைய தொடைச்சு எத்தனை வருஷம் ஆச்சு வாலி? காலெல்லாம் ஒட்டுது."

"லாஸ்கோ வண்டி கதைய சொல்லு. இவங்க மூஞ்சி எல்லாம் தொங்குது."

எமில் ஆரம்பித்தான். "லாஸ்கோவோட வண்டில முன்பக்கப் பெட்டியத் தெறந்தோம். உள்ள ட்ரௌட் மீனு. உசிரோட."

"எப்படி வந்துச்சு?" என்றார் மிரியம். இரண்டு மணி நேரத்தில் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அப்ப பனி இல்ல மேடம். பனி இருந்தப்ப வண்டி திருடு போச்சு. லாஸ்கோவோட மச்சான்தான் திருடினான். ஆனா அது அப்புறம் தெரிஞ்சுது. ஏரிக்கு நடுவுல பனிக்கட்டி மேல நிறுத்தி மேல பனிய அள்ளிப் போட்டு மூடிட்டான். அங்க யாரு தேடப் போறா? பெறகு பனி இல்ல."

குழுவில் யாரோ சிரிக்க ஆரம்பித்தார். "உருகிடுச்சா?"

"வண்டி கீழ போச்சு. மீன் உள்ள போச்சு. நாங்க கொக்கி போட்டு இழுத்தோம். மச்சான் எங்களோட சேர்ந்து இழுத்தான், பாவம்."

எல்லோரும் சிரித்தார்கள். மிரியம் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த கோப்பையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் ஒரு தடவைகூடக் குழம்பல. எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்குத் தெரிஞ்சுது. எப்படி?"

"பனிதான் சொல்லுதே."

அவர் எழுந்து எமிலுக்குப் பக்கத்து நாற்காலிக்கு வந்தார். "என் கதைய நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி. எங்க ஆரம்பிப்பீங்க?"

எமில் தன் காலைப் பார்த்தான். அது தற்செயல்தான். பூட்ஸ் காய்ந்திருந்தால் அவன் வேறெதையாவது சொல்லியிருப்பான்.

"காரோட்டி சேத்துல ஒக்காந்திருக்கான். கால்ல பூட்ஸ் இல்ல."

"ஏன் இல்ல?"

"அத இப்பவே சொல்லிட்டா அப்புறம் யாரு ஒக்காந்து பாப்பாங்க?"

"எனக்காவது சொல்லுங்க."

"பனில பூட்ஸ் தடம் விழும். போலீஸ் அத அளந்து பாக்கும். பயந்துட்டு கழட்டி ஆத்துல எறிஞ்சிட்டான். பெறகு சினூக் வந்துச்சு. தடமெல்லாம் தானே போயிடுச்சு. எறிஞ்சிருக்கவே வேண்டாம். இப்ப சேறு. சேத்துல அவன் வெறுங்கால் தடம்." அவன் இடது காலை மேசைக்கு வெளியே நீட்டினான். "நாலு வெரல். ஹாலரன்ல நாலு வெரல் காலு யாருக்கு இருக்கு?"

"காலை உள்ள இழுடா, இங்க மனுஷங்க சாப்பிடுறாங்க" என்றான் வாலி.

மிரியம் தாள் கேட்டார். என் கைப்பையில் தபால் நிலையத்தின் பழைய படிவங்கள் இருந்தன. எமில் சொல்லச் சொல்ல அவற்றின் பின்பக்கம் எழுதினேன். மாலைச் சேறு முதலில். பிறகு பனியில் கொள்ளை. பிறகு சேற்றில் ஒருவன் சுடப்படுவது. பிறகு மறுபடி பனி. மொத்தம் நாற்பத்தொரு காட்சிகள். பார்ப்பவர்கள் பனிக்கும் சேற்றுக்கும் நடுவே மாதங்கள் போயிருக்கும் என்று எண்ணுவார்கள். கடைசியில் கார் வானொலி நாளைச் சொல்லும்போதுதான் எல்லாம் ஒரே வெள்ளிக்கிழமை என்று தெரியும். வானொலி யோசனை மிரியமுடையது. அதை எமிலின் பெயரில் சேர்க்க எனக்கு விருப்பமில்லை.

திங்கட்கிழமை காப்பீட்டு ஆள் வந்தார். அந்த வரிசையைப் படித்தார். சாலையைப் பார்த்தார். எமிலின் காலையும் பார்த்தார். பத்து நாள் கொடுத்தார். பிப்ரவரி 3-ஆம் தேதி முடித்தார்கள். படத்தின் பழைய பெயரை எடுத்துவிட்டு 'காலணி இல்லாதவன்' என்று வைத்தார்கள்.

ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை, எமிலுக்கு ஒரு கனத்த உறை வந்தது. நானே பிரித்தேன். ஜனவரிக் கடைசியில் நான் நிரப்பி அவன் அலை இழுத்துக் கொடுத்த தாள், படத்தில் நடித்ததற்கான ஒப்புதல், திரும்பி வந்திருந்தது. கூடவே வழக்கறிஞரின் கடிதம்: கையெழுத்து படிக்கும்படி இல்லை, ஒப்புதல் தருபவர் சாட்சியின் முன் தன் முழுப் பெயரைத் தன் கையால் தெளிவாக எழுத வேண்டும், செப்டம்பர் 16-க்குள் வராவிட்டால் அவர் முகமும் பெயரும் உள்ள எதையும் படத்தில் வைக்க இயலாது. எமில் இல்லாவிட்டால் அந்தப் படத்தில் என்ன மிஞ்சும்? பனி மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்தபோது படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்கு உருண்டைகள் ஆறிப்போயின.

"நீ போட்டுடு யூல்கா."

"மாட்டேன். உன் தாளெல்லாம் நிரப்பித் தந்திருக்கேன். உன் கையெழுத்த நான் ஒரு நாளும் போட்டதில்ல."

"ஒரே ஒரு தடவை."

"உன் கையால எழுதணும்னு போட்டிருக்கு எமில்."

"அப்ப வேண்டாம். வேற எவன் மூஞ்சியையாவது ஒட்டிக்கட்டும்."

தொப்பியை எடுத்துக்கொண்டு போனான். அடுத்த ஞாயிறு வரவில்லை. நாற்பத்தேழு வயது ஆள், ஊரில் எல்லோருடைய வாசல் பனியையும் அள்ளியவன், ஒரு மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவைப் பிடித்து, எழுத்துகள் நிற்காமல் ஓடுவதை வாலி போன்றவன் பார்ப்பதா? அவன் அதற்கு அஞ்சினான் என்று எனக்குத் தெரியும். மிரியம் இருமுறை தொலைபேசியில் கூப்பிட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், அவனுக்குக் கையில் வலி என்றேன். பொய்.

13-ஆம் தேதி மாலை எமில் என் வீட்டுப் பின்கதவைத் தட்டினான். கையில் சிமெண்ட் பைத் தாள் ஒன்று, இரண்டு பக்கமும் பென்சில் கிறுக்கல்.

"என் பேர்ல கடைசி எழுத்து எது?"

"கே."

"பள்ளிக்கூடத்துல முதல் எழுத்துலேர்ந்துதான் ஆரம்பிக்கச் சொன்னாங்க. எப்பவும் அங்கதான் வழுக்கும். இதப் பாரு." கோட்டின் வலது கோடியில் ஒரு கே எழுதினான். அதற்கு இடப்பக்கம் ஒரு ஏ. பிறகு டி. ஒவ்வொன்றும் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த எழுத்தின் மேல் சாய்ந்து நின்றது. இந்த வழியை நாற்பது வருடத்தில் ஏன் ஒரு ஆசிரியரும் சொல்லவில்லை, நான் ஏன் சொல்லவில்லை, தெரியவில்லை. எத்தனை நாளாக எழுதிப் பார்த்தான் என்று கேட்டேன். "அந்த உருண்டைய சாப்பிடாம போன நாள்லேர்ந்து" என்றான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்குத் தபால் நிலைய முகப்பு மேசையில் தாளை விரித்தான். நான் உறவு, சாட்சியாக இருக்க முடியாது. தன் கடிதங்களை வாங்க வாலி வந்திருந்தான். எமிலே அவனைக் கூப்பிட்டான்.

எமில் பேனாவைக் கோட்டின் வலது கோடியில் வைத்தான். கே எழுதி நிமிர்ந்தான். ஏ எழுதினான். வாலி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றான்.

"மேயரே, கையெழுத்து போடுறியா, வேலி அடிக்கிறியா? அதுவும் பின்பக்கத்துலேர்ந்து?"

எமில் பேனாவை எடுக்காமல் சொன்னான். "எனக்கு எழுதத் தெரியாது வாலி. எப்பவுமே தெரியாது. இப்பதான் எழுதறேன். கொஞ்சம் சும்மா இரு."

வாலி என்னைப் பார்த்தான். நான் தபால்தலை ஏட்டைப் பார்த்தேன். பிறகு அவன் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வரிசையில் பின்னால் நின்ற இரண்டு பேரிடம் திரும்பி, "அவசரம்னா நாளைக்கு வாங்க" என்றான். யாரும் போகவில்லை. எமில் டி எழுதினான், யூ எழுதினான், ஹெச் எழுதினான், ஒரு விரல் அகலம் இடம் விட்டான், எல் எழுதினான். ஐயின் மேல் புள்ளி வைக்க மறந்து திரும்பிப் போய் வைத்தான். கடைசியாக எமிலின் முதல் எழுத்து, பெரிய எழுத்தில், கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இறங்கி.

வாலி குனிந்து வாய்விட்டுப் படித்தான். "எமில் ஹுடாக்." பிறகு சாட்சிக் கோட்டில் தன் பெயரைக் கிறுக்கினான், அதைவிட என் தம்பியுடையது தெளிவாக இருந்தது. தேதிக்கான கட்டத்தை மட்டும் என்னை நிரப்பச் சொன்னார்கள். நிரப்பினேன்: 1994 செப்டம்பர் 14, புதன்கிழமை.