வண்டி மை போட்ட பேரிங்

போன வாரம் பெரம்பலூரில் ஒரு மெக்கானிக்கின் கையை எட்டிப் பிடித்துவிட்டேன். சாதாரணப் பிடியில்லை. முப்பது வயது ஆள், பயந்தே போனான். என் பேரன் "தாத்தா, தாத்தா" என்று என் தோளைப் பிடித்து இழுத்தான். கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எண்பதைத் தாண்டிய கிழவனுக்கு நாலு பேர் நடுவில் இப்படி ஒரு கூத்து தேவையா, சொல்லுங்கள்.

நடந்தது இவ்வளவுதான். பேரன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, அதற்குப் புது மாடல் வண்டியின் ஸ்விங் ஆர்மை மாட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். பின்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, மேடு பள்ளத்துக்குத் தக்கபடி ஏறி இறங்குகிற இரும்புக் கவைக்குத்தான் இப்போது அந்தப் பெயர். எங்கள் காலத்தில் பின் ஃபோர்க் என்போம். அது ஃபிரேமோடு சேருகிற இடத்தில் கதவுக்குக் கீல் மாதிரி பேரிங் இருக்கும். எனக்கும் அந்த வேலை கொஞ்சம் தெரியும் என்பதால் வேடிக்கை பார்க்கப் போனேன். மெக்கானிக் புது பேரிங்கைப் பிரித்துவிட்டு ஒரு டப்பாவுக்குள் விரலை விட்டான். விரல் கன்னங்கரேலென்று வந்தது. இப்போது வருகிற உயர்ந்த ரக கிரீஸாம், நிறமே அதுதானாம். எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எட்டிக் கையைப் பிடித்துவிட்டேன். அது அவனுடைய வலது கை.

ஏன் வலது கை என்று அழுத்திச் சொல்கிறேன் என்பதை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. சண்டைக் காலத்தில் இரண்டு வருஷம் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்துவிட்டு வந்து, பெரம்பலூரில் ஒரு பஸ் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காக்கி நிக்கர், தேய்ந்த பூட்ஸ், வாயில் எப்போதும் பட்டாளத்துப் பேச்சு. யாராவது ஒரு ஆணியை நிமிர்த்தினால்கூட "பட்டாளத்துல இதுக்கு வேற முறை" என்று ஆரம்பித்துவிடுவேன். டிரைவர்கள் என் வாய்க்குப் பயந்தே டீக்கடைக்கு எழுந்து போவார்கள். அவ்வளவு தலைக்கனம். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடலாம்போல வருகிறது.

அப்போது பெரம்பலூரில் மரியநாதன் என்று ஒரு டாக்டர் இருந்தார். சொந்த ஊர் ஏலாக்குறிச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான மனிதர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவருடைய வலது கைக்கு அந்தப் பக்கம் முழுக்க ஒரு பெயர் இருந்தது. வயிற்றில் பிள்ளை குறுக்கே கிடந்தால் உள்ளே கைவிட்டுத் திருப்பி எடுத்துவிடுவார். வேப்பந்தட்டைப் பக்கத்து மலையடிவார ஊர்களிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவசரமென்றால் அவரே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். அவர் வந்துபோன வீட்டில் டிஞ்சர் வாசனையும் பெட்ரோல் வாசனையும் சேர்ந்து கொஞ்ச நேரம் நிற்கும். சந்தையில் ஒருமுறை டிஞ்சர் பாட்டில் உடைந்தபோது, என்னையறியாமல் அவர் நிற்கிறாரா என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய மோட்டார் சைக்கிள் சண்டைக்கு முந்தைய சீமை வண்டி. அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலும் பின்சக்கரம் ஃபிரேமோடு இறுகிக் கிடக்கும். ஏறினால் குறுக்கெலும்பு தனியாகக் கழன்றுவிடும். டாக்டர் வண்டி அபூர்வம், பின்னால் ஆடுகிற ஃபோர்க் இருந்தது. ஆனால் அதன் அச்சைத் தாங்குகிற புஷ்ஷெல்லாம் தேய்ந்து, சக்கரம் இடமும் வலமும் அலைந்துகொண்டிருந்தது. அதே கம்பெனியின் புது மாடல் ஃபோர்க் ஒன்று, உருளை பேரிங்குகளோடு, திருச்சியில் பட்டாளச் சாமான் விற்ற இடத்தில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்தது. கண்டுபிடித்து வந்தவன் நான்தான். மாட்டித் தருகிறேன் என்று மார்தட்டியவனும் நான்தான்.

வேலை என்னவோ நன்றாகத்தான் நடந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். புது ஃபோர்க் அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, அகலம் அதிகம். ஃபிரேமின் வாயை அரத்தால் ராவி ராவியே மூன்று நாள் போனது. குறுக்கு அச்சைத் திருச்சி லேத்தில் கடைந்து வாங்கினேன். பிறகு பேரிங் உட்காருகிற ஃபோர்க்கின் கண்துளையை வறட்டி நெருப்பில் சூடாக்கி, பேரிங்கைக் கிணற்றுத் தண்ணீர்ப் பானையில் போட்டுக் குளிரவைத்து உள்ளே விட்டேன். "டக்"கென்று உட்கார்ந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அப்போதுதான் பார்க்கிறேன், ஷெட்டில் கிரீஸ் டப்பா துடைத்து வைத்த மாதிரி காலி. திருச்சியிலிருந்து வர இரண்டு நாளாகும்.

டாக்டர் கொஞ்சமும் அவசரப்படவில்லை. "ரெண்டு நாள் ஆனா ஆவட்டும் தம்பி, நான் வாடகை சைக்கிள்ல போய்க்கிறேன்" என்றார். இந்த ஒரு வார்த்தையை நான் மறக்க முயன்று தோற்றுப்போயிருக்கிறேன். அவர் காத்திருக்கத் தயாராக இருந்தார். நான்தான் இல்லை. இன்று சாயங்காலம் வண்டி ஓடும் என்று ஷெட் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

ஷெட்டுக்கு எதிரே ஒரு மாட்டு வண்டி அவிழ்த்துக் கிடந்தது. அதன் அடியில் மூங்கில் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா வண்டியிலும் தொங்கும். உள்ளே வண்டி மை: வைக்கோலைக் கொளுத்தின கரியை விளக்கெண்ணெயில் குழைத்த களிம்பு. அச்சில் தடவினால் சக்கரம் கத்தாமல் ஓடும். அதைப் பார்த்ததும் என் பட்டாளத்து மூளை வேலை செய்தது. பந்தய மோட்டாருக்கெல்லாம் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு வெள்ளைக்காரர் சொல்லக் கேட்டிருந்தேன். டாங்கிக்கு வருகிற கிரீஸ் கறுப்பாக இருக்கும் என்பதையும் கண்ணால் பார்த்திருந்தேன். விளக்கெண்ணெய் ஆயிற்று, கறுப்பும் ஆயிற்று. வண்டிக்காரரிடம் ஒரு கொட்டாங்குச்சி மை வாங்கி, இரண்டு பேரிங்கிலும் வழிய வழிய அப்பி மூடினேன். சாயங்காலம் வண்டி ஓடியது. டாக்டர் ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பல்லக்கு மாதிரி போகுது என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஓடியது. பிறகு ஒருநாள் பின்னால் ஏதோ கறகறவென்று கேட்கிறதே என்றார். புது பேரிங் டாக்டர், பழகணும், புதுச் செருப்பு மாதிரி என்றேன். குனிந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த வாரமும் சொன்னார். அதற்கும் அதே புதுச் செருப்பைச் சொன்னேன்.

அரியலூரில் ஒரு நோயாளியைப் பார்க்கக் கிளம்பிய காலையில், நீயே பின்னால் உட்கார்ந்து கேட்டுச் சொல்லப்பா என்று என்னை ஏற்றிக்கொண்டார். நல்ல வெயில். இரண்டு பக்கமும் சோளக்கொல்லை. அரியலூருக்கு இரண்டு மூன்று மைல் இருக்கும்போது ரோடு ஒரு ஓடைக்குள் இறங்கும். அந்த இறக்கத்தில் என் காலுக்குக் கீழே முதலில் ஒரு நடுக்கம், அப்புறம் ஒரு வெட்டு. பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. நான் சோளத்தட்டைகளுக்குள் போய் விழுந்தேன். ஒரு சிராய்ப்பு இல்லை. எழுந்து வந்து பார்த்தால் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது, அதன் அடியில் டாக்டரின் வலது கை. மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் மணிக்கட்டு இல்லை. ஓடிப்போய் வண்டியைத் தூக்கிப் பிடித்தேன். அவரோ என்னைப் பார்த்து, "உனக்கு அடி ஒண்ணும் இல்லையே தம்பி?" என்று கேட்டார்.

கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு மாட்டு வண்டி வந்தது. மூட்டைகளை ஓடையிலேயே இறக்கிப் போட்டுவிட்டு அவரைப் படுக்க வைத்தோம். அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய் ரயிலேற்றித் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நான் அந்தக் கையை என் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் சக்கரம் கத்த ஆரம்பித்தது. ஒவ்வொரு அதிர்வுக்கும் டாக்டர் பல்லைக் கடித்தார். வண்டிக்காரர் நிறுத்தி இறங்கினார். கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, அச்சைக் கந்தலால் சுத்தமாகத் துடைத்தார். பிறகு மூங்கில் குழாய்க்குள் குச்சியை விட்டு மையை எடுத்துத் தடவினார். விளக்கெண்ணெயும் கரியும் சேர்ந்த வாடை என் மூக்கில் ஏறியது. எதற்காகக் கேட்டேன் என்று தெரியாது, ஏன் துடைக்கிறீங்க என்று கேட்டுவிட்டேன்.

"துடைக்காம வுடலாமாங்க? இது ரெண்டு மூணு நாளைக்குத்தான். சாம்பலுதானே, வுட்டா அச்சையே தின்னுப்புடும்" என்றார் அவர். சாதாரணமாக, வெயிலைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

சாம்பல். எங்கள் அம்மா தினமும் வெண்கலப் பானையைச் சாம்பல் போட்டுத்தானே துலக்குவாள்! பானையைத் தேய்க்கிற சாமானை அள்ளி, நெல்மணிப் பருமன் இருக்கிற உருளைகளுக்கு நடுவே வைத்து, துடைக்க வழியில்லாமல் மூடியிருக்கிறேன். எழுத்து வாசனையே இல்லாத வண்டிக்காரருக்குத் தெரிந்தது பட்டாளத்து மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. டாக்டரின் கை என் மடியில் கனத்தது. அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஓடையிலிருந்து மோட்டார் சைக்கிளை ஷெட்டுக்குக் கொண்டு வந்ததும் தனியாக இருக்கிற நேரமாகப் பார்த்துப் பிரித்தேன். கெட்டியான கறுப்புக் குழம்பு. அதற்குள் உருளைகள் பாதியாகத் தேய்ந்து, ஒன்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. அந்தப் பேரிங்கை ஒரு பேப்பரில் சுற்றி எடுத்து வைத்துக்கொண்டேன். ரோடு சரியில்லை என்று ஊரே பேசியது. நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் திரும்பி வந்தார். மணிக்கட்டு மடங்காது, மூன்று விரல் அசையாது. இடது கையால் மருந்துச் சீட்டு எழுதப் பழகிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் காத்திருந்த நோயாளிகளிடம், "இவரு மட்டும் அன்னைக்குப் பின்னாடி இல்லேன்னா நான் அந்த ஓடையிலயே கெடந்திருப்பேன்" என்றார். அதன்பிறகு எங்கே பார்த்தாலும், யாரிடமும், இதைச் சொல்லாமல் விட்டதில்லை. ஊரில் எனக்கு மரியாதை ஏறிக்கொண்டே போயிற்று. டீக்கடையில் எனக்கு இடம் கொடுக்க எழுந்தார்கள். நான் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் காலையில், சட்டைப்பையில் அந்தப் பேரிங்கைப் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். ஒண்ணு சொல்லணும் டாக்டர் என்றேன். சொல்லுப்பா என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வேப்பந்தட்டைப் பக்கத்துப் பெண், இரண்டு நாளாகப் பிரசவ வலி. டாக்டர் போய்ப் பார்த்தார். எழுந்து நின்று தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவள் மாமியாரிடம் சொன்னார்: "புள்ள குறுக்கால கெடக்குதும்மா. திருப்பி எடுக்கணும். இந்தக் கையால ஆவாது. திருச்சிக்குக் கொண்டு போயிடுங்க."

"நீங்க எடுத்துருவீங்கன்னுதானே சாமி இம்மாந்தூரம் வந்தோம்" என்றாள் அந்த அம்மா.

எங்கள் ஷெட் பஸ்ஸையே கொண்டு வந்து நிறுத்தி, சீட்டைக் கழற்றிப் படுக்கை போட்டு ஏற்றியவன் நான். பஸ் கிளம்பியதும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்னமோ சொல்லணும்னியே?" என்று கேட்டார். ஒண்ணுமில்ல டாக்டர், இன்னொரு நாள் வரேன் என்றேன். மத்தியானம் பஸ் திரும்பியது. திருச்சி ரோட்டில் பாடாலூர் தாண்டுவதற்குள் போய்விட்டாள் என்று டிரைவர் சொன்னார். அந்த இன்னொரு நாள் வரவே இல்லை, நான் வரவிடவில்லை.

பல வருஷம் கழித்து டாக்டர் போய்ச் சேர்ந்தபோது ஏலாக்குறிச்சியில்தான் அடக்கம். மண் போடும்போது பேரிங்கையும் சேர்த்துப் போட்டுவிடலாம் என்று கொண்டுபோயிருந்தேன். அவர் மகள் என் கையைப் பிடித்து வீட்டார் வரிசையில் நிற்க வைத்தாள். அப்பா கடைசி வரைக்கும் உங்களைச் சொல்லிட்டே இருந்தாங்க என்று அழுதாள். மண்ணை மட்டும் போட்டுவிட்டு வந்தேன்.

பெரம்பலூர் மெக்கானிக்கிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. கிரீஸில் மண் கிடந்த மாதிரி தெரிந்தது தம்பி என்று சமாளித்தேன். அவன் நல்லவன், விரலை ஒருமுறை துடைத்துவிட்டு வேறு டப்பாவைத் திறந்தான். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பேரன் என்னைப் பின்னால் ஏறச் சொன்னான். பஸ்ஸில் வரேன் என்று நடந்துவிட்டேன். டாக்டர் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் ஷெட்டை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள். அரியலூர் ரோட்டில் ஓடைக்கு மேலே பாலம் போகிறது, கீழே ஓடை இருப்பதே தெரியாது. மாட்டு வண்டியும் இல்லை, மூங்கில் குழாயும் இல்லை. வண்டி மை என்றால் என்ன என்று பேரன் கேட்கிறான். அந்தப் பேரிங் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. தொட்டால் இன்னும் விரலில் கறுப்பு ஒட்டுகிறது. சொல்வதற்கு எனக்கு இப்போது தைரியம் வந்துவிட்டது. "என்னமோ சொல்லணும்னியே" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.