வேலைநிறுத்தத்தில் சுட்ட பிஸ்கட்

தொண்ணூறுகளில் ஒருமுறை பனியன் கம்பெனிகளில் வேலைநிறுத்தம் நீண்டபோது, துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான என் கணவருக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை. எப்போதோ பனியன் வாங்க வந்த வெளிநாட்டு பையர் ஒருவர் கொடுத்த, சாக்லெட் துண்டு பதித்த பிஸ்கட்டைத் தானே சுட்டுப் பார்க்கக் கிளம்பினார்.

எங்களிடம் ஓவன் கிடையாது. கனத்த பாத்திரத்தில் உப்பைக் கொட்டிச் சூடாக்கி, பிஸ்கட் மாவைத் தட்டில் பரப்பி உள்ளே வைத்து மூடினார். முதலில் சாக்லெட்டை மட்டும் நறுக்கிப் போட்டார். மறுநாள் நிலக்கடலையும் சேர்ந்தது. பிறகு நாட்டுச்சர்க்கரை, வறுத்த எள், தேங்காய்த் துருவல். ஒன்று வேகும் முன்பே அடுத்ததை யோசித்தபடி வாசலுக்கும் அடுப்புக்கும் நடப்பார்.

“ஏனுங்க, கொஞ்ச நேரம் உக்காருங்களேன். நேத்துச் சுட்டதே நல்லாத்தானுங்க இருந்துது.”

“கை சும்மா இருக்க மாட்டீங்குது அம்மிணி.”

ஒரு மத்தியானம் இஞ்சி தட்டிப் போட்டது வெந்துகொண்டிருந்தபோது, பேச்சுவார்த்தை முடிந்து கம்பெனியைத் திறந்துவிட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து சொன்னார். இவர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே சைக்கிளை எடுத்துவிட்டார்.

பிஸ்கட்டை நான்தான் இறக்கினேன். ஓரம் முறுகி, நடுவில் இளகி, அதுவரை சுட்டதிலேயே அதுதான் அருமை. ஆறும்வரை பொறுக்க முடியாமல், துண்டில் கட்டிக்கொண்டு கம்பெனிக்கே நடந்தேன்.

நின்றபடியே ஒன்றைக் கடித்தவர் கேட்டார்: “அடுத்த வாட்டி மொளகு போட்டுப் பாக்கலாமா அம்மிணி?”