அணைந்திருந்த திரை

மாலை வண்டியில் பொன்னேரியில் இறங்கி நடக்கும்போது தூண்களில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தேன். அதுதான் தொடக்கம். என் கவனக்குறைவுதான் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா (விழித்திரைச் செல்கள் சிறுகச் சிறுகச் செயலிழக்கும் மரபுவழி நோய்) என்றார் சென்னை மருத்துவர்.

"மருந்து இருக்கா டாக்டர்?"

"இப்போதைக்கு இல்லைம்மா. பார்வை மிச்சம் இருக்கும்போதே பேசற கம்ப்யூட்டரைப் பழகிக்கோங்க. வேலையை மட்டும் விட்டுடாதீங்க."

விடும் எண்ணம் எனக்கும் இல்லை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி ஆலை. அங்கே சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். எந்த லாரியில் என்ன போகிறது என்று கம்ப்யூட்டரில் பதிந்து, ஓட்டுநருக்குப் போன் செய்து வரச்சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை எங்கள் குடும்பத்தில் முதலில் எனக்குத்தான் கிடைத்தது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதே நோயோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஆறுதல் வேறு எங்காவது கிடைக்கும். நான் கம்ப்யூட்டரையும் செல்போனையும் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நோயைவிட இவை இரண்டும்தான் என் உயிரை வாங்கின.

கம்ப்யூட்டர் பேசும். ஸ்க்ரீன் ரீடர் (திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் மென்பொருள்) போட்டால் ஓயாமல் பேசும். ஆனால் ஆங்கிலம்தான். தமிழைக் கண்டால் கன்னாபின்னாவென்று உளறும். எங்கள் ஆலையின் மென்பொருளை எழுதிய புண்ணியவான் பொத்தான்களுக்கெல்லாம் பெயருக்குப் பதிலாகப் படம் வைத்திருந்தார். அதனால் எதன்மேல் போனாலும் "கிராஃபிக், கிராஃபிக்" என்று ஒரே பாட்டு. எத்தனையாவது கிராஃபிக் சேமிப்பது, எத்தனையாவது அழிப்பது என்று மனப்பாடம் செய்தேன்.

செல்போன் பேசாது. பேசும் மென்பொருள் அப்போது விலை உயர்ந்த போன்களில்தான் ஓடியது. என்னுடையது சாதாரணப் பட்டன் போன். ஆனால் ஐந்தாம் எண்மேல் ஒரு சின்னப் புடைப்பு இருந்தது. அதைத் தொட்டுவிட்டால் மற்ற எண்களெல்லாம் விரலுக்குத் தெரியும். எண் போட்டுப் பேசுவதில் எனக்கு யார் தயவும் வேண்டியதில்லை. வரும் மெசேஜைப் படிக்கத்தான் ஆள் வேண்டும். என் கணவர் சேகர் "கோவமா?" என்று அனுப்பியதைப் பிரிவே கேட்கும்படி ஒருவர் வாசித்தார். அன்று நிஜமாகவே கோபம் வந்தது.

அலுவலகத்தில் ஹெட்போன் கேட்டேன். பெரிய மானிட்டர் வந்தது.

"இன்னாம்மா, இப்ப நல்லா தெரியுதா?" என்றார் மேனேஜர்.

"தெரியலை சார். எனக்கு காதுலதான் கேக்கணும்."

"கூச்சப்படாத. இன்னும் பெர்சா வேணும்னா சொல்லு."

அந்த வெளிச்சம் ஊசிபோல் குத்தியது. எனக்கு ஃபோட்டோபோபியாவும் (வெளிச்சம் பட்டால் கண் கூசி வலிப்பது) இருந்தது. மானிட்டரை அணைத்துவிட்டு, நானே வாங்கிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன்.

ஒருநாள் மேனேஜர் சொன்னார்: "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். திங்கக்கெழம நீ வேல செய்யறத நேர்ல வந்து பாக்கறேன். முடியலன்னா ஊட்ல ரெஸ்ட் எடு."

திங்கட்கிழமை அவர் வந்தபோது ஒரு லாரியின் சரக்கைப் பாதிவரை பதிந்திருந்தேன்.

"சிஸ்டமே ஆன் பண்ணாம இன்னாம்மா தட்டிக்கினு கீற?"

நான் வாய் திறப்பதற்குள் குனிந்து கீழே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அமுக்கிவிட்டார். என் காதில் பேசிக்கொண்டிருந்த குரல் அப்படியே செத்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சார், ஓடிக்கினு இருந்ததை இப்பதான் நீங்க ஆஃப் பண்ணீங்க."

மறுபடி இயக்கினேன், மானிட்டரை அணைத்தபடியேதான். ஹெட்போனைக் கழற்றி, குரலை எல்லாருக்கும் கேட்கும்படி விட்டேன். முதலிலிருந்து பதிந்து, போனை எடுத்து, ஐந்தைத் தடவி, ஓட்டுநரை அழைத்து வண்டியை வரச்சொன்னேன். கொஞ்ச நேரத்தில் லாரி வந்து ஹாரன் அடித்தது.

"இவ்ளோ வேகமா பேசுதே, எனக்கு ஒரு எழவும் புரியலியே," என்றார் மேனேஜர்.

"எனக்குப் புரியுது சார். அது போதும்ல?"

வேலை நிலைத்தது. அந்தச் சந்தோஷத்தில் சேகர் ஒரு புது போன் வாங்கிவந்தார்.

"இந்தா புடி. பட்டனே கெடையாது. சும்மா தொட்டா போதும்."

தொட்டேன். மேலிருந்து கீழ்வரை வெறும் கண்ணாடி. ஐந்து எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அவரும் கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். ஆசையாக வாங்கிவந்த மனுஷனைத் திட்டவும் மனம் வரவில்லை. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் என் பழைய போனிலிருந்து அவரை அழைத்தேன். பக்கத்து அறையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏ, இத்த எங்க தொடறதுன்னே தெரிலியே! செம பேஜாரா கீது!"

கண் தெரிந்த காலத்தில் இரண்டு முறை மணி அடித்தால் அதற்குமேல் நான் பொறுத்ததில்லை, வைத்துவிடுவேன். இப்போது எனக்கு எல்லாமே ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்து சேருகிறது. காத்திருப்பதைக் காதும் விரலும் பழகிவிட்டன.

அவரும் தேடட்டும் என்று, ஐந்தின் மேல் கட்டைவிரலை வைத்தபடி சாவகாசமாக உட்கார்ந்திருந்தேன்.