ஓசூர் ரோட்டில் ஒரு செகண்டு: ஸ்பீடாமீட்டரும் நானும் ஆனேக்கல் வரை

ஆனேக்கல் போகும் வழியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார்: ‘ஓசூர் ரோட்டில் கேமரா வைத்திருக்கிறார்களே, எத்தனை கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் அபராதம் போடாமல் விடுவார்கள்? காரின் ஸ்பீடாமீட்டரை எவ்வளவு நம்பலாம்?’ பதில் எழுத இரண்டு முறை உட்கார்ந்து, எழுதாமலே எழுந்துவிட்டேன். 1961 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி கமலாவும் அதே வழியில் போனோம். அந்தப் பயணத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்கு என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. சொன்னால் என்னைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் எண்ணம் மாறும். மாறட்டும்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. அரசு வேலையில் இன்ஜினீயர். பெங்களூர் பிரேசர் டவுனில் வாடகை வீடு. மூன்றாவது கை மாறி வந்த ஒரு பழைய கார் வைத்திருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கமலா ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர்.

பயணத்துக்கு நாலு மாதம் முன்னால் நடந்ததை முதலில் சொல்ல வேண்டும். மடிவாளாவுக்குச் சற்று முன், முப்பது மைல் வேகத்துக்கு மேல் போகக்கூடாத இடத்தில், என்னை நிறுத்தினார்கள். அன்று கேமராவும் கிடையாது, ரேடாரும் கிடையாது. ரோட்டோரம் ஒரு பர்லாங்கு அளந்து, அதாவது அறுநூற்று அறுபது அடி அளந்து, இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். கார் முதல் கோட்டைத் தொட்டதும் ஒரு போலீஸ்காரர் கைக்குட்டையை ஆட்டுவார். மறுமுனையில் நிற்பவர் ஸ்டாப்வாட்ச்சை அமுக்குவார். முப்பது மைல் வேகத்தில் போனால் அந்தத் தூரத்துக்குச் சரியாகப் பதினைந்து செகண்டு ஆகும். அதற்குக் குறைந்தால் கேஸ்.

வாட்ச் வைத்திருந்தவர் ஒரு ஏட்டு. இங்கே தபேதார் என்பார்கள். பெயர் முனிரத்தினம், ஜீவனஹள்ளிக்காரர், நாற்பது வயது இருக்கும்.

“முப்பத்தாறு மைல் சார். கேஸ் எழுதியாச்சு” என்றார்.

“என் மீட்டர் முப்பதைத் தாண்டவே இல்லை” என்றேன்.

அது பொய். முள் முப்பத்திமூன்றுக்கு அருகில் இருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் ஓட்டினேன்.

அபராதம் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். இருபது ரூபாய்தான். ஆனால் ஆபீசில் தெரிந்துவிடுமே என்ற பயம், ஒரு போலீஸ்காரர் என்னைத் தப்பு சொல்வதா என்ற திமிர், இரண்டும் சேர்ந்துகொண்டன. தெரிந்தவர் ஒருவரின் ஒர்க்‌ஷாப்பில், ஸ்பீடாமீட்டர் சரியாக வேலை செய்கிறது என்று ஒரு சர்டிபிகேட் வாங்கினேன். அவர் காரைப் பார்க்கவே இல்லை. நான் சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோர்ட்டில் வக்கீல் வைக்காமல் நானே குறுக்கு விசாரணை செய்தேன். முனிரத்தினத்தின் சின்ன நோட்டை வாங்கிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நோட்டில் பதினொன்றேகால் செகண்டு. கேஸ் தாளில் பன்னிரண்டேகால் செகண்டு. நான் இரண்டையும் தூக்கிக் காட்டி, “இதில் எது பொய்?” என்று கேட்டேன். அவர் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். “எத்தனாவது வரை படித்திருக்கிறீர்கள்?” என்றேன். “எட்டாவது” என்றார். பின்னால் உட்கார்ந்திருந்த யாரோ சிரித்தார்கள். ஸ்டாப்வாட்ச் பார்க்கத் தெரியாதவர் கையில் வாட்ச்சைக் கொடுக்கக்கூடாது என்று சொல்லி மாஜிஸ்திரேட் கேஸைத் தள்ளுபடி செய்தார். இரண்டு வாரத்தில் முனிரத்தினத்தை ஆனேக்கல் பக்கம் மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அதன்பின் இதை ஒரு வெற்றிக் கதையாகப் பல வீடுகளில் சொன்னேன். இரண்டு எண்களைப் பற்றி மட்டும் நான் யாரிடமும் விளக்கவில்லை, கமலாவிடம்கூட. அது பின்னால் வருகிறது.

பிப்ரவரி ஞாயிறு அன்று சந்தாபுராவில் கமலாவின் சிநேகிதி சரோஜா வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வீட்டிலிருந்து பதினேழு மைல். காலை ஒன்பதே காலுக்குக் கிளம்பினோம். இரண்டு காலன் பெட்ரோல், ஆறு ரூபாய்க்குச் சற்று மேல். ரிச்மண்ட் ரோட்டைத் தாண்டி ஓசூர் ரோட்டில் விழுந்ததும் இரண்டு பக்கமும் புளியமரம். பொம்மனஹள்ளியில் ஒரு ஓட்டலில் காபி, ஆளுக்குப் பதினைந்து நயா பைசா. தண்ணிக் காபிதான், ஆனால் சூடாக இருந்தது. அதற்கப்புறம் மாட்டுவண்டிகள்தான், கார் அபூர்வம்.

பொம்மனஹள்ளி தாண்டியதும் கமலா கைக்கடிகாரத்தையும் ரோட்டோர மைல் கல்லையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்தாள். கணக்கு டீச்சருக்குப் பொழுதுபோக்கு.

“முள்ளை முப்பதுலேயே வெச்சுக்கோங்க. ஏத்தவும் வேணாம், இறக்கவும் வேணாம்” என்றாள்.

மூன்று கல் தாண்டினோம். நாலாவது கல்லில் சொன்னாள்.

“முப்பதுல போனா கல்லுக்குக் கல்லு ரெண்டு நிமிஷம் ஆகணும். ஒரு நிமிஷம் முப்பத்தெட்டு செகண்டுலயே வந்துடுது. மூணு தடவையும் அதேதான்.”

“உன் வாட்ச் மெதுவா ஓடுது.”

“இருபது செகண்டுல பதினாறு செகண்டு மட்டும் ஓடற வாட்ச்சா இருந்தா நான் தினமும் மத்தியானம்தான் ஸ்கூலுக்குப் போய்ச் சேருவேன்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப நிஜமா முப்பத்தாறரை. உங்க மீட்டர் குறைச்சுக் காட்டுது. அந்தப் போலீஸ்காரர் எழுதினது சரிதானே?” என்றாள்.

எனக்கு முன்பு கார் வைத்திருந்தவர் வேறு மாடல் காரின் பின் அச்சைப் போட்டிருந்தார் என்பதும், சக்கரம் சுற்றுவதற்கும் மீட்டர் எண்ணுவதற்கும் அதனால் பொருத்தம் இல்லாமல் போனது என்பதும் பிறகு மெக்கானிக் சொல்லித் தெரிந்தது. அன்று எனக்குத் தெரிந்தது மனக்கணக்கு மட்டும்தான். முள் முப்பதில் இருந்தால் முப்பத்தாறரை என்றால், முப்பத்திமூன்றில் இருந்தால் நாற்பது. நாற்பது மைல் வேகத்தில் ஒரு பர்லாங்குக்குப் பதினொன்றேகால் செகண்டு. அவர் நோட்டில் எழுதியிருந்தது அதேதான்.

பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்பே சந்தாபுரா போய்விட்டோம். சாப்பிடும்போது சரோஜாவின் கணவர், “அந்தக் கோர்ட்டு விஷயம் கேள்விப்பட்டேன் சார், நீங்களே சொல்லிக் கேக்கணும்” என்றார். நான் சொன்னேன். மைல் கற்களைப் பார்த்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. எட்டாவது படித்தவர் என்ற இடத்தில் குரலை எப்போதும் போல் கொஞ்சம் இறக்கி, எல்லாரும் சிரிக்க இடம் விட்டேன். அவர்கள் சிரித்தார்கள். கமலா மோர் சாதத்தை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

காரில் ஏறியதும் கேட்டாள், “ஆனேக்கல் இங்கேர்ந்து எவ்வளவு?”

“ஆறு மைல் சொச்சம்.”

“அங்கதான அவரை மாத்தியிருக்காங்க?”

அப்போதுதான் அவளிடம் மிச்சத்தைச் சொன்னேன். கோர்ட்டில் இரண்டு எண்களையும் பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. நேரம் கூடினால் வேகம் குறையும். வாட்ச் காட்டியதோடு ஒரு செகண்டு சேர்த்து எழுதியிருக்கிறார் என்றால், என் வேகத்தைக் குறைத்துத்தான் எழுதியிருக்கிறார். அந்த அறையில் அது புரிந்தவன் நான் ஒருவன்தான். புரிந்துகொண்டேதான் எது பொய் என்று கேட்டேன். மீட்டரைத்தான் அதுவரை சாக்காக வைத்திருந்தேன்: நோட்டு எப்படியிருந்தாலும் நான் நிஜமாகவே முப்பத்திமூன்றுதானே போனேன், மூன்று மைல் எல்லாம் ஒரு குற்றமா என்று. இப்போது அதுவும் இல்லை.

நான் காரை வலது பக்கம் ஆனேக்கல் ரோட்டில் திருப்பினேன்.

மண் ரோடு, இருபத்தைந்து நிமிடம் ஆனது. சந்தைத் திடலை ஒட்டி ஒரு போலீஸ் அவுட்போஸ்ட். முனிரத்தினம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். என் வாழ்நாளில் அந்த ஒரு சல்யூட்டை வாங்கியதற்கு வெட்கப்பட்டதுபோல் எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

மீட்டர் தப்பு என்று சொன்னேன். சர்டிபிகேட் பொய் என்று சொன்னேன். அவர் எழுதியது சரி என்றேன்.

“தெரியும் சார்” என்றார். “நாப்பதுல வந்தீங்க. கண்ணாலயே சொல்லிடலாம்.”

“அப்புறம் எதுக்கு ஒரு செகண்டு சேத்து எழுதினீங்க?”

“அவன் கைக்குட்டை ஆட்டறதைப் பாத்து நான் பட்டனை அமுக்கறதுக்குள்ள கொஞ்சம் லேட் ஆவும் சார். நம்ம கையோட தப்புக்கு வண்டிக்காரர் எதுக்குக் காசு கட்டணும்? அதனால யாராயிருந்தாலும் ஒரு செகண்டு சேத்துடுவேன். அதுக்கப்புறமும் ஜாஸ்தி வந்தாத்தான் கேஸ்.”

“அதைக் கோர்ட்ல சொல்லியிருக்கலாமே” என்றாள் கமலா.

“ரூல்ல அப்படி ஒண்ணும் இல்லம்மா. நானா வெச்சுக்கினது. வாச்சு காட்டினதை மாத்தி எழுதினேன்னு என் வாயால ஒத்துக்கினா வேலையே போயிடும். சும்மா இருந்தேன், இங்க அனுப்பினதோட போச்சு.”

குடும்பம் ஜீவனஹள்ளியிலேயே இருந்தது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போய் வருவாராம். மனைவி காக்ஸ் டவுனில் ஒரு வீட்டில் வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார். “சின்னதுக்கு ரெண்டு வயசு. போன தடவை என்னைப் பாத்துட்டு உள்ள ஓடிடிச்சு, யாரோன்னு” என்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன்.

“என்கிட்ட கேட்டு இன்னா சார் ஆவும்?” என்றார். குரலில் கோபம் இல்லை. “மேல இருக்கறவங்களுக்கு எழுதுங்க.”

எழுதுகிறேன் என்றேன். டீ வரவழைக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கிளம்பிவிட்டோம். மாலை நாலரைக்கு வீடு. மொத்தம் நாற்பத்தாறு மைல்.

கேட்ட வாசகருக்கு இப்போது பதில். இன்றைய கார்களில் மீட்டர் பெரும்பாலும் சற்றுக் கூட்டித்தான் காட்டும். ஆனால் டயர் அளவை மாற்றியிருந்தாலோ, தேய்ந்த டயருக்குப் பதில் புது டயர் போட்டிருந்தாலோ கணக்கு மாறும். காலியான நேர் ரோட்டில் முள்ளை அறுபதில் நிறுத்தி, பக்கத்தில் இருப்பவரைக் கிலோமீட்டர் கற்களைப் பார்த்து நேரம் எடுக்கச் சொல்லுங்கள். கல்லுக்குக் கல் அறுபது செகண்டு ஆக வேண்டும். ஐம்பத்தைந்து ஆனால் நீங்கள் அறுபத்தைந்தில் போகிறீர்கள். மூன்று தடவை பாருங்கள், ஒரு கல் இடம் மாறி நட்டிருக்கலாம். போனில் வேகம் காட்டும் வசதியும் இருக்கிறது, இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எத்தனை கிலோமீட்டர் விட்டுக்கொடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். அந்த இடைவெளி ஓட்டுபவருக்கு இல்லை, அளக்கும் கருவியில் வரும் தப்புக்கு. சந்தாபுராவில் இப்போது ஞாயிறு காலை எட்டுக்கு முன் போனால்தான் நெரிசல் இருக்காது. ஆனேக்கலுக்குத் திரும்பும் இடத்தில் வேகத்தடைகள் உண்டு.

முனிரத்தினத்தின் மேலதிகாரிக்கு நான் எழுதினேன். உடனே இல்லை, மூன்று வாரம் கழித்து. பொய் சர்டிபிகேட் கொடுத்தேன் என்று எழுதினால் என் வேலைக்கு ஆபத்து என்று தினமும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். கடைசியில் எழுதிய கடிதத்தில், ‘என் கவனக்குறைவால் மீட்டரின் பிழை என் பார்வைக்கு வரவில்லை’ என்று இருந்தது. அந்த ஒரு செகண்டைப் பற்றி எதுவும் இல்லை. சர்டிபிகேட்டைப் பற்றியும் இல்லை. கமலா அதைப் படித்துவிட்டு உறையில் போடாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நானே உறையில் போட்டு ஒட்டினேன்.

பதில் வரவில்லை. அவரை ஊருக்கு மாற்ற இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அதற்குள் அவருடைய சின்னப் பெண் பள்ளிக்கூடம் போகும் வயதை நெருங்கியிருப்பாள். கவனக்குறைவு என்று எழுதினேன். கவனக்குறைவு இல்லை. தெரிந்தே செய்தேன். இதை முழுசாக எழுதுவது இதுதான் முதல் தடவை. படிக்க வேண்டியவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை.