பாதிப் பாதியாகப் போட்ட மருந்து

பிள்ளைகளா, போன தீபாவளிக்கு நீங்கள் மூன்று பேரும் வந்திருந்தபோது, அம்மா சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டதைப் பார்த்துக் கிண்டல் செய்தீர்கள். "என்னம்மா, புதுப்பொண்ணு மாதிரி வெக்கம்!" என்றான் பெரியவன். "வயசாச்சுல்ல, முன்பல்லு விழுந்துருச்சு" என்று அவளும் சேர்ந்து சிரித்தாள். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன். வயதானதால் அவள் பல் போகவில்லை. என்னால் போனது. நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்குப் பல் துலக்கினால் ரத்தம் வரும். ரொட்டியைக் கடித்தால் அதிலும் சிவப்பாகப் படியும். ஈப்போவில் ஒரு பல் கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் நம்ம தமிழ்ப் பெண், சின்ன வயசு. ஈறு நோய் என்றார். ஈறுக்கு அடியில் போய்ச் சுத்தம் செய்ய வேண்டும், நாலு தடவை வர வேண்டும் என்றார். அதோடு, வீட்டிலேயே போடுகிற ஒரு புது ஜெல்லைச் சோதித்துப் பார்க்கிறோம், நீங்களும் சேர்கிறீர்களா என்று கேட்டார்.

"இது துணைக்குத்தான் அங்கிள். நாங்க கிளீன் பண்றதும் இதுவும் சேந்தாத்தான் வேலை செய்யும். ஜெல் மட்டும் போட்டா ஒண்ணும் ஆகாது லா."

சரி என்று கையெழுத்துப் போட்டேன். என் பல்லுக்கு அளவெடுத்து, கண்ணாடி மாதிரி ஓர் அச்சு செய்து கொடுத்தார்கள். அதில் ஜெல்லை நிரப்பி, காலையும் மாலையும் பத்து நிமிஷம் மாட்டிக்கொள்ள வேண்டும். போட்டதும் தாளில் ஒரு டிக். காலி டியூப்பைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

"வேற யாருக்கும் குடுக்கக் கூடாது அங்கிள்."

"குடுக்க மாட்டேம்மா" என்றேன்.

பத்து காஜா ஊரில் நம் வீட்டில் முதல் தடவை அச்சை மாட்டிக்கொண்டு நின்றபோது உங்கள் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னங்க இது, குத்துச்சண்டைக்கா போறீங்க?" சிரித்து முடித்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: "எனக்கும்தான் ரத்தம் வருது. ரொம்ப நாளா."

நான் அச்சைக் கழற்றினேன். "ஏன் சொல்லல?"

"சொன்னா பல்லு டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவீங்க. அதுல கொஞ்சம் எனக்குக் குடுங்க. பாதிப் பாதி போட்டுக்கலாம்."

அவள் பயம் எனக்குத் தெரியும். கோப்பெங் பக்கம் அவள் பிறந்த தோட்டத்தில், சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொள்ள, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரசர் அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார். அன்றிலிருந்து பல் வைத்தியம் என்றாலே அவள் அந்தப் பக்கம் போக மாட்டாள்.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒருவனுக்குக் கொடுத்த இருமல் மருந்தை வீடே குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு மட்டும் என்று மருந்தை எடுத்து ஒளித்து வைக்கிறவன் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் மனுஷனே இல்லை. அந்தப் பழக்கத்தில், யோசிக்காமலே டியூப்பை அவளிடம் நீட்டிவிட்டேன். அச்சில் பாதி நிரப்புவேன். மீதியை அவள் விரலில் எடுத்து ஈறில் தடவிக்கொள்வாள். தாளில் மட்டும் முழு டிக்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு ரத்தம் குறைந்தது. வாய் நாற்றமும் இல்லை. "பாத்தீங்களா, கத்தி இல்லாம ஊசி இல்லாம சரியாப் போச்சு!" என்று கண்ணாடியில் பல்லைப் பார்த்துக்கொள்வாள். டாக்டர் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. எனக்கு ஈறுக்கு அடியில் சுத்தம் செய்திருந்தார்கள், அவளுக்குச் செய்யவில்லை. இரண்டு தடவை, "நீயும் ஒரு நாள் வாயேன்" என்றேன். முறைத்தாள். விட்டுவிட்டேன்.

அவள் பயந்ததால்தான் விட்டேன் என்று இவ்வளவு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அவளைக் கூட்டிக்கொண்டு போனால் மருந்தைப் பங்கு போட்ட விஷயம் வெளியே வந்துவிடும். அங்கே எனக்கு நல்ல பெயர். ஈறில் கம்பி விட்டு ஆழம் பார்த்து, "அஞ்சு மில்லிமீட்டர் இருந்தது மூணாயிருச்சு!" என்பார் டாக்டர். நர்ஸ், "எல்லாரும் அங்கிள் மாதிரி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல லா" என்பாள். படிக்கிற காலத்தில் வாத்தியாரிடம் ஒரு பாராட்டு வாங்காதவன் நான். அறுபது வயதில் கிடைத்ததை இழக்க மனம் வரவில்லை.

சோதனை முடிந்தது, ஜெல்லும் நின்றது. ஒன்றரை வருஷம் போய், ரொட்டி சானாய் தின்னும்போது அவளுக்குக் கீழ் முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. அதைத் தாளில் மடித்து இரண்டு நாள் என்னிடம் காட்டாமல் மறைத்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் தாடை வீங்கிக் காய்ச்சல். இனி முடியாது என்று அதே கிளினிக்குக்குக் காரில் கூட்டிப்போனேன்.

டாக்டர் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார். பல்லைப் பிடிக்கிற எலும்பு கரைந்துவிட்டது, பக்கத்தில் இருக்கும் மூன்றையும் எடுக்க வேண்டும் என்றார்.

"ஆன்ட்டி, ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்."

"மருந்து போட்டேனேம்மா" என்றாள் உங்கள் அம்மா. "இவரு குடுத்தாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அந்த ஜெல்லா அங்கிள்?"

"ஆமாம்மா. பாதிதான் நான் போட்டேன். டிக் எல்லாம் பொய்."

அவர் திட்டவில்லை. என் கணக்கைச் சோதனையிலிருந்து எடுக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்பவே ஆன்ட்டிய ஏன் கூட்டிட்டு வரல? எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நாங்க என்ன அடிக்கவா போறோம்?"

நல்ல பெயர் போய்விடும் என்று மேலே உங்களுக்கு எழுதியதுதான் அதற்குப் பதில். அங்கே சொல்ல முடியவில்லை.

பல் எடுக்கும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்று வரை ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. பிறகு கட்டிய பொய்ப்பல்லைக் குத்துகிறது என்று கழற்றி வைத்துவிட்டாள்.

பல் எடுத்த அன்று, ரத்தம் நிற்க, வீடு வரும் வரை வாயில் ஒரு சின்னத் துணித்துண்டை அழுத்திக்கொண்டே வந்தாள். மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். நான் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் துணி எதையும் நான் துவைத்ததில்லை. பச்சைத் தண்ணீரில் ஊற வைத்து, உப்புப் போட்டுக் கசக்கினேன். மூன்று தடவை அலசியும் ஓரத்தில் லேசாகக் கறை தெரிந்தது. இன்னொரு தடவை அலசி, பிழிந்து, வெயில் இருந்த பக்கமாகப் பார்த்துக் கொடியில் போட்டேன்.