கன்றுக்குக் கட்டிய நூல்

தண்டு முறிந்த மிளகாய்க் கன்று செத்துப்போகும் என்று நம்பினேன். அதைவிடப் பெரிய மடத்தனம், முறிந்ததை மனைவியிடம் மறைக்கலாம் என்று நம்பியது.

ஒஸ்லோவில் கோடைகாலச் சூரியன் படுக்கைக்குப் போக மறுக்கும். அந்த வெளிச்சம் வீணாகக் கூடாதென்று பல்கனியில் கன்று வளர்த்தவள் என் மனைவி வசந்தி. எங்கள் ஊரான சுருவிலில் அவளுடைய தகப்பனார் ஆண்டாண்டாய் விதையெடுத்துக் காப்பாற்றிய இனம் அது. கிணற்றில் உப்பேறி ஊரில் அழிந்துவிட்டது. வசந்தியின் கைப்பையில் முன்பு வந்த விதையில் முளைத்த இந்த ஒன்றுதான் மிச்சம். மழைநீர்த் தொட்டி கட்டிவிட்டு, இதன் விதைக்காக ஊரில் அவளது தங்கை காத்திருந்தாள். வசந்தி ஊருக்குப் போகும்போது சொன்னது ஒன்றுதான்: "நீங்கள் சாப்பிட்டாலென்ன விட்டாலென்ன, கண்டுக்குத் தண்ணி விடுங்கோ."

விட்டேன். காற்றடித்த ஒரு காலை, கன்றைக் காப்பாற்றவென்று உள்ளே தூக்கிவந்து, கதவைக் காலால் சாத்தினேன். கதவு கன்றின் இடுப்பில் சாத்திக்கொண்டது. பூவும் பிஞ்சுமாயிருந்த மேல்பாதி, ஒரு பக்கத் தோலில் தொங்கியது.

பக்கத்து வீட்டு இங்கர் அம்மாவின் கதவைத் தட்டி, எனக்குத் தெரிந்த நோர்வேஜிய மொழியில், "முறிந்துவிட்டது! மனைவிக்குத் தெரியாது!" என்று கத்தினேன். எது முறிந்தது என்று சொல்ல மறந்துபோனேன். முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தவர் என் கால்களை மேலும் கீழும் பார்த்தார். நான் பூச்சாடியைக் காட்டினேன். திட்டுவார் என்று நினைத்தால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "நோயாளியை அசைக்காமல் பிடி" என்றார்.

சுருவிலில் கால் முறிந்த ஆட்டுக்குட்டிக்கு மட்டை வைத்துக் கட்டுவதைப் பார்த்தவன் நான். ஊரிலிருந்து வந்த ஈர்க்குமாற்றில் சில ஈர்க்குகளை உருவி அணை கொடுத்தேன். இங்கர் பிளாஸ்டர் சுற்றினார். அவர் போனபிறகும் மனம் கேட்கவில்லை. நயினாதீவு அம்மன் கோயிலில் வசந்தி என் கையில் கட்டுவித்த நூலை அவிழ்த்துப் பிளாஸ்டருக்கு மேல் கட்டினேன். பிறகுதான் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன்.

அன்று வசந்தி வீடியோவில் அழைத்தபோது கன்றின் கீழ்ப்பாதியை மட்டும் கெட்டித்தனமாய்க் காட்டினேன்.

"இஞ்சாருங்கோ, கையில நூல் எங்கை?"

"அது... குளிக்கேக்கை கழண்டுபோச்சு."

"மேலை காட்டுங்கோ."

"எதை?"

"கண்டை!"

காட்டினேன். வசந்தி திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தாள். அவளது தோளுக்கு மேலால் எட்டிப்பார்த்த தங்கைதான் முதலில் கேட்டாள்: "அத்தான், கண்டுக்குக் காப்புக் கட்டினியள் சரி, விரதச் சோறும் குடுத்தியளோ?"

இருவரும் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வசந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பூவையும் பிஞ்சையும் கிள்ளிவிடுங்கோ. பாரம் ஏலாது அதுக்கு. வெயில்ல வையாதேங்கோ. பாப்பம்."

ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட்டேன். கொஞ்சக்காலம் வாடித்தான் நின்றது. பிறகு முறிவுக்கு மேலே தளிர் வந்தது. அம்மனுக்கா, இங்கருக்கா, வசந்திக்கா என்று தெரியாமல் மூவருக்கும் நன்றி சொன்னேன். முதல் காயைக் கடித்த இங்கர் கண்ணீர் வழிய, "மிக நன்று" என்றார்.

முறிந்த இடம் முடிச்சாய்த் தடித்திருக்கிறது. பழத்தின் விதை சுருவிலுக்குப் போய், தங்கையின் வளவில் முளைத்து நிற்கிறது. தாய்க்கன்று இங்கே ஒஸ்லோவில், ஜன்னலோரம். நூல் இன்னும் அதில்தான் இருக்கிறது.