சிறுத்தையின் முன்னால் சொன்ன பொய்

என் தாய்மொழி எனக்குத் தெரியாது என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு குழந்தை பயந்து நின்றபோது.

காலை நடையில் புதிதாக நண்பரானவர் சிங்களவர். நான் பேசும் சிங்களத்தைக் கேட்டு என்னையும் சிங்களவர் என்றே நினைத்திருந்தார். நட்பு கெட்டுவிடுமோ என்று நானும் திருத்தவில்லை.

ஒருநாள் இருவரும் இரத்தினபுரியில் அருங்காட்சியகம் பார்க்கப் போனோம். பாடம் செய்து வைத்திருந்த சிறுத்தையின் முன்னால் தேயிலைத் தோட்டத்துப் பெண் ஒருவர் என்னிடம் கேட்டார்.

"ஐயா, இதுக்கு உசுரு இருக்குங்களா? புள்ள அழுவுது."

"எனக்குத் தமிழ் தெரியாது" என்று சிங்களத்தில் சொன்னேன். அவர் அழுத சிறுமியைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"பாவம், என்ன கேட்டாரோ!" என்றார் நண்பர்.

"சிறுத்தைக்கு உயிர் இருக்கிறதா என்று" என்றேன், என்னை மறந்து.

நண்பர் வாசலைக் கைகாட்டினார். "அப்படியென்றால் ஓடிப்போய்ச் சொல்லுங்கள்" என்றார்.

வாசலில் அவர்களைப் பிடித்தேன். "மன்னிச்சிக்கங்கம்மா, நானும் தமிழ்தான். அது செத்துப்போன சிறுத்த. பாப்பா பயப்பட வேணாம்."

"மூஞ்சியப் பாத்துதானே ஐயா கேட்டேன்" என்று அவர் சிரித்தார். சிறுமி மட்டும் என்னை நம்பாமல் பார்த்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் நண்பர், சிறுத்தையைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டார். பக்கத்து ஆசனங்களுக்கும் கேட்கும்படி சொல்லிக்கொடுத்தேன்.